காட்டுகிற மீன்

என் மனைவியின் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவன் கைதான். நாறும். லேசுபாசாக இல்லை, குப்பென்று நாறும். எலுமிச்சம்பழம், பல்பொடி, மண்ணெண்ணெய், என் லாண்டரிக் கடையில் அழுக்குத் துணிக்குப் போடுகிற சோடா என்று அவன் தேய்த்துப் பார்க்காத பொருள் கிடையாது. தோல் உரிந்ததே தவிர நாற்றம் போகவில்லை. வீட்டுக்கு வந்தால் கதவோரமாகக் கிடக்கிற ஸ்டூலைத் தாண்டி உள்ளே வரமாட்டான். டம்ளரை நுனிவிரலால் பிடித்துக் காபி குடிப்பான். குடித்துவிட்டு அவனே கழுவி வைப்பான். அவன் போன பிறகு நான் அதை இன்னொரு தரம் கழுவுவேன். எனக்கு அப்படித்தான். ஊரார் அழுக்கை வெளுத்து வயிற்றைக் கழுவுகிறவன் நான், சொந்த வீட்டில் ஒரு சொட்டுக் கறை பொறுக்கமாட்டேன்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். குழந்தையை அவன் கையில் கொடுக்கப் போனாள் என் மனைவி. அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா. பாத்தாப் போதும்" என்றான். அப்போது அவன் அந்த ஹோட்டலில் சேர்ந்த புதிது. அதற்குப் பிறகு அவள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. மாமன் ஒரு நாள்கூட அவளைத் தூக்கினதில்லை. இப்போது அவளே பிள்ளைத்தாச்சி.

ஹோட்டல் என்று சொன்னேனே, அது கடலோரச் சமையலுக்குப் பேர்போன ஹோட்டல். கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஏறிப் பகல் முழுக்க உட்கார்ந்து போனாலும் கடல் கண்ணில் படாது. ஆனால் உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் கிழிந்த வலை. தலைக்கு மேலே கயிற்றில் தொங்குகிற துடுப்பு. தூணுக்குத் தூண் பிளாஸ்டிக் நண்டு. ஒலிபெருக்கியில் ஓயாமல் அலைச்சத்தம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்றுக்கு வந்ததுதான் மிச்சம்.

அங்கே அவனுக்குப் பெயர் 'தட்டு'. முதலாளியிலிருந்து பாத்திரம் தேய்க்கிறவள் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெரிய எவர்சில்வர் தட்டில் ஐஸைப் பரப்பி, அதன்மேல் மீன்களை அடுக்கி, நடுவில் ராஜா மாதிரி ஒரு பெரிய மீனைக் கிடத்தி, மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டுவது அவன் வேலை. சாப்பிட வந்தவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். சிலதுகள் கண்ணில் விரலை விட்டுக் குத்தும். மீனைக் கன்னத்தோடு கன்னம் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற பெண்ணை நானே பார்த்தேன், கர்மம். கடைசியில் ஒரு மீனைக் காட்டி, "இதைப் பொரிச்சுக் கொண்டு வா" என்பார்கள். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போவான்.

என் மனைவிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "என் தம்பி பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் மீன் காட்டறான்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவன் யூனிபாரத்தை நான்தான் துவைத்துக் கொடுக்கிறேன். மற்ற துணியோடு சேர்க்கமாட்டேன், தனி வாளி. ஒருமுறை சட்டைக் கையின் விளிம்பில் ஒரு சிவப்புக் கறை. மீன் ரத்தம் என்று நினைத்துப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்தேன். ரத்தமாக இருந்தால் போயிருக்கும். இது போகவில்லை, தண்ணீரெல்லாம் ரோஜா நிறத்தில் பரவியது. சாயம்! அவன் வந்ததும் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னடா இது? ஹோட்டல்ல மீன் காட்டறியா, நாடகத்துக்கு வேஷம் போடறியா?"

அவன் முகம் செத்துவிட்டது. உள்ளே அக்கா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தான். அவள் கடைக்குப் போயிருந்தாள்.

"அத்தான், அக்காகிட்டச் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லல. சொல்லித் தொலை."

"அந்தப் பெரிய மீனை வந்து... அத்தான், அதைப் பொரிக்கறதே இல்ல. அவங்க எதைக் கையைக் காட்டினாலும் உள்ள ஐஸ் பெட்டியில இருக்கற மீன்தான் பொரிச்சு வரும். தட்டுல இருக்கறது காட்டறதுக்கு மட்டும். அதே மீன்தான் மறுநாளும். அதுக்கு மறுநாளும். கண்ணு மங்கிப்போச்சுன்னா எண்ணெய் தடவுவேன். செவுள் வெளுத்துப்போச்சுன்னா சாயம். வயிறு தொங்கிப்போச்சுன்னா உள்ள பஞ்சு."

"தூ! கடைசியா அதை என்னடா பண்ணுவீங்க?"

"அதைக் கேக்காதீங்க அத்தான்."

நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும். அன்றைக்கு வாயைத் திறந்து இன்னொரு தரம் கேட்டிருந்தால் பின்னால் வந்த எழவு என் வயிற்றுக்கு வந்திருக்காது.

இப்படி இருக்கையில்தான் போன மாதம் ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தவன், வந்ததும் வராததுமாக வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். "அக்கா, முதலாளி என்னை ஹால் பொறுப்புக்குப் போடறேன்னு சொல்லியிருக்காரு. அடுத்த மாசத்துலேர்ந்து. தட்டு வேற ஆளுக்கு."

"அட, ராசா!" என்றாள் அவள்.

"மீனைத் தொடவே வேணாம்க்கா. நின்னு பாத்துக்கிட்டா போதும். பாப்பாவுக்குக் குழந்தை பொறக்கறதுக்குள்ள கை சுத்தமாயிடும். தூக்கலாம்."

கையை விரித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணம் வேண்டுமென்று சொன்னதில்லை, வீடு வேண்டுமென்று சொன்னதில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கணும், அவ்வளவுதான்.

என் மனைவி அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். மகளுக்கோ மீன் மீன் என்று நாக்கு துடிக்கிறது. தம்பிக்கோ பதவி வருகிறது. குடும்பத்தோடு அந்த ஹோட்டலில் போய்ச் சாப்பிட வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

"நான் வரல" என்றேன்.

"ஏன், உங்களுக்கு என்ன கேடு?"

"எனக்கு அந்த நாத்தம் ஆகாது."

"என் தம்பிமேல நாத்தம், என் தம்பி ஹோட்டல்மேல நாத்தம். உங்க கடையில வந்து விழற ஊரான் சாக்ஸு மணக்குதாக்கும்!"

அதற்குமேல் பேச முடியுமா? மச்சினன் மட்டும் கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு ரகசியமாகச் சொன்னான். "பயப்படாதீங்க அத்தான். அக்கா தட்டுல எதைக் காட்டினாலும் காட்டட்டும். உங்களுக்கு வர்றது வேற மீன்." அதுவும் சரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை. வாசலிலேயே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒரு மீன் மல்லாக்க மிதக்கிறது, மற்ற மீன்கள் அதைச் சுற்றிச் சுற்றி முத்தம் கொடுக்கின்றன. மாப்பிள்ளை, "பாருங்க மாமா, தூங்குது" என்கிறார். தூங்குகிறதாம்! படித்த மனுஷன்.

மேஜையில் கையை வைத்தேன், ஒட்டியது. எடுத்தேன், பச்சக்கென்று சத்தம் கேட்டது. மெனு அட்டை அதைவிட மோசம். யாரோ குழம்புக் கையோடு புரட்டியிருக்கிறார்கள், எழுத்தின்மேல் மஞ்சள் மஞ்சளாக விரல் ரேகை. மேஜைவிரிப்பு என்று ஒன்று போட்டிருந்தார்கள், பாருங்கள், சீ! எண்ணெய்க் கறைமேல் எண்ணெய்க் கறை. அதை மறைக்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள், அந்தப் பக்கமும் கறை. என் கடையில் வேலை செய்கிற பெண் இப்படி ஒரு துணியைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழித்திருப்பேன். மீன் நாற்றத்தை மறைக்க மல்லிகை வாசனை அடித்திருந்தார்கள். மல்லிகையும் மீனும் சேர்ந்து ஒரு மூன்றாவது நாற்றம். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒரு தடியர் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சுவார், பார்ப்பார், மறுபடி உறிஞ்சுவார். சாறு முழங்கை வரை வழிந்தது. முழங்கையையும் நக்கினார். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினால் பிளாஸ்டிக் நண்டு. அது பரவாயில்லை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய வேர்வை, பேச்செல்லாம் வெல்லம். "நம்ம தட்டோட அக்காவா! வாங்கம்மா, இது உங்க வீடு." கையைத் தட்டி ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். பொரித்த உருண்டைகள். எல்லா மேஜைக்கும் இலவசமாக வைப்பதுதானாம். மொறுமொறுவென்று, மிளகாய்க் காரத்தோடு, மேலே வெங்காயம் தூவி இருந்தது. மகள் கையை நீட்டினாள். அதற்குள் மச்சினன் எங்கிருந்தோ வந்து, மேஜையைத் துடைக்கிற சாக்கில் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாப்பா, வயித்தைக் காலியா வெச்சுக்க. மீன் வருது" என்று போனான்.

எனக்கோ பசி. மீனைத் தொடுவதில்லை என்று முடிவு. உருளைக்கிழங்குதானே என்று ஒன்றை வாயில் போட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது. இன்னொன்று போட்டேன். அந்த நாற்றமெடுத்த மண்டபத்தில் வாய்க்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு தட்டு வந்தது. இரண்டு கையிலும் ஏந்தி, மார்புக்கு நேராக, அவன் நடந்து வந்த தோரணையைப் பார்த்து என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜை ஓரத்தில் இறக்கினான். நடுவில் அந்தப் பெரிய மீன். கண் பளபளவென்றிருந்தது. எண்ணெய். செவுள் செக்கச்செவேலென்றிருந்தது. என் வாளியில் கரைந்த அதே சிவப்பு. மாப்பிள்ளை போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"இதுதான்" என்றாள் என் மனைவி, பெரிய மீனைத் தொட்டு.

"சரிக்கா" என்றான். என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினான். நான் இன்னொரு உருண்டையை எடுத்தேன்.

அவள் அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அவள் பிறந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மார்க்கெட்டில் மீனை வாங்கி வெட்டுகிறவனிடம் கொடுக்கும்போது, அவன் நம் கண்ணில் மண்ணைத் தூவி வேறு மீனை மாற்றிவிடக் கூடாது என்று, வாலின் கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கிள்ளிவிடுவார்கள். நடுவில் பல் மாதிரி ஒரு துணுக்கு நிற்கும். வெட்டி வந்ததும் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். இவளிடம் இதுவரை எந்த மீன்காரன் பாச்சாவும் பலித்ததில்லை.

ஐயையோ என்று நான் நினைப்பதற்குள் அவள் கை தட்டுக்குப் போய்விட்டது. இரண்டு கிள்ளு.

"அக்கா!" என்றான் மச்சினன்.

"உன்மேல சந்தேகம் இல்லடா. உள்ள இருக்கறவங்க எப்படியோ, என்னவோ. நாம கிள்ளின மீன் நம்ம இலைக்கு வரணும்."

முதலாளி பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். முகம் ஒரு நொடி மாறி, மறுபடி வெல்லமானது. "அடேங்கப்பா, அம்மா கெட்டிக்காரங்க! தட்டு, கேட்டியா? அதே மீன். வால்ல கிள்ளு இருக்கணும். அம்மா கண்ணுல வித்தியாசம் தெரிஞ்சுதுன்னா நீதான் பதில் சொல்லணும்." சொல்லும்போது அவர் கை மச்சினன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பாவி, அந்த அழுகலை என் மகளுக்குப் பொரித்துப் போடத் துணிந்துவிட்டான்!

மச்சினன் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு முழி பிதுங்கியது. உண்மையைச் சொன்னால் அவன் பிழைப்பு போகும், ஹால் பொறுப்பு போகும், குழந்தையைத் தூக்குகிற கனவும் போகும். சொல்லாவிட்டால் பிள்ளைத்தாச்சிப் பெண் பஞ்சு அடைத்த மீனைத் தின்னும். "வேற ஏதாவது சொல்லலாமே, எனக்கு மீன் பிடிக்கல" என்று ஆரம்பித்தேன். "உங்களுக்கு எதுதான் பிடிச்சுது?" என்றாள் மனைவி. "பாப்பா, உனக்குத் தலை சுத்தலா? வீட்டுக்குப் போயிடலாமா?" என்று மகளைக் கேட்டேன். "எனக்குப் பசிக்குதுப்பா" என்றாள். கவலையில் கை தானாகக் கிண்ணத்துக்குப் போய்ப் போய் வந்தது.

மீன் வந்தது. மச்சினனே கொண்டுவந்தான். நீளத் தட்டில் முழுசாக, முறுகலாக, வெங்காயமும் எலுமிச்சையும் சுற்றி. என் மனைவி நேராக வாலைத் தூக்கிப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்தில் இரண்டு கிள்ளு. நடுவில் பல்.

"பாத்தீங்களா? என் மீன்!" என்றாள்.

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் மகளையே பார்த்துக்கொண்டு, "சூடா இருக்கு பாப்பா, ஊதிச் சாப்பிடு" என்றான். எனக்கு அந்த நிமிஷம் அவன்மேல் வந்த வெறுப்பை எப்படிச் சொல்வேன்! கையில்தான் நாற்றம் என்று நினைத்திருந்தேன், ஆளே அழுகிப்போனானே, அக்கா பெற்ற பெண்ணுக்கே கொண்டுவந்து வைக்கிறானே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்புறம் வேறொரு மேஜையில், "தட்டு!" என்று கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான்.

மகள் ஒரு பெரிய துண்டைப் பிய்த்து, ஊதி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

நான் எழுந்தேன். அவள் கையைத் தட்டிவிட்டேன். தட்டைப் பிடித்து இழுத்தேன். எண்ணெய்க் கையா, ஒட்டுகிற மேஜையா தெரியவில்லை, தட்டு நழுவித் தரையில் விழுந்து சுற்றியது. மீன் என் கால்மேல் விழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அலைச்சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"என்னங்க, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினாள் மனைவி. மகள் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை என்னிடமிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மச்சினன் ஓடி வந்தான். எங்கேயோ காட்டிக்கொண்டிருந்த தட்டோடு ஓடி வந்தான். வந்த வேகத்தில் அதை எங்கள் மேஜையில் வைத்துவிட்டு, "சுட்டுடுச்சா பாப்பா? சுட்டுடுச்சா?" என்று குனிந்தான். தட்டு சாய்ந்து, அள்ளிக் கொட்டியிருந்த ஐஸ் சரிந்தது. அதற்குள் புதைந்திருந்த வால் வெளியே வந்தது.

என் மனைவி தரையிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு வால், கண்ணெதிரே இன்னொரு வால். இரண்டிலும் இரண்டிரண்டு கிள்ளு.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுடா நான் கிள்ளினது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்து கிடந்தது நல்ல மீன். பயல் விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய், தன் கையால் பார்த்து வாங்கி, உள்ளே தனியாக வைத்திருக்கிறான். அக்கா கிள்ளினதும் ஓடிப்போய், அவள் கிள்ளின மாதிரியே தானும் கிள்ளியிருக்கிறான். ஒரே வீட்டுப் பழக்கம்தானே! அதைத்தான் இந்தப் பைத்தியக்காரன் தரையில் கொட்டிவிட்டேன்.

முதலாளி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நிலைமை அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். "ஒண்ணும் இல்லம்மா. தட்டு மாத்திப் பொரிக்கச் சொல்லிட்டான், மடையன். நீங்க கிள்ளினது இதோ பத்திரமா இருக்கு. இப்பவே பொரிச்சுத் தரச் சொல்றேன். தட்டு, எடுத்துட்டுப் போ."

"ஆமா, அதையே போடுங்க" என்றாள் என் மனைவி. "புள்ள பசியா இருக்கா."

மச்சினன் அசையவில்லை. முதலாளி அவன் காதோரம் குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. "ஹால் பொறுப்பு வேணும்ல? வாயை மூடிட்டு உள்ள போ."

அவன் தட்டைத் தூக்கினான். மார்புக்கு நேராக ஏந்திக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான். நின்றான். திரும்பி வந்து அதை மறுபடி எங்கள் மேஜையில் வைத்தான்.

"வேணாம்க்கா. இது திங்கற மீன் இல்ல. காட்டற மீன்."

"என்னடா உளர்றே?"

"போன வாரத்துலேர்ந்து காட்டிட்டிருக்கேன். பாப்பாவுக்குன்னு விடியக்காலையில மார்க்கெட்ல வாங்கினது கீழ விழுந்ததுதான்."

சொல்லிவிட்டு மீனின் வயிற்றுக்குள் விரலை விட்டான். பஞ்சை இழுத்தான். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது, பழுப்பாக, ஊறிப்போய், நூல் நூலாக. மேஜைவிரிப்புமேல் வைத்தான். நாற்றம் மூஞ்சியில் அறைந்தது. மல்லிகை எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்து மேஜைத் தடியர் வாயில் நண்டுக்காலோடு அப்படியே இருந்தார். யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

என் மனைவி அந்தப் பஞ்சைப் பார்த்தாள். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி, நான் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி.

"காட்டி முடிச்சப்புறம் இது எங்கடா போகும்?"

அவன் கண் மேஜைமேல் போனது. கிண்ணத்தின்மேல் நின்றது. கிண்ணம் காலி. ஒரு துண்டு வெங்காயம்கூட மிச்சமில்லை. பிறகு அந்தக் கண் மெதுவாக என்மேல் வந்தது.

"டேய்," என்றேன். "என் பக்கம்தானேடா தள்ளி வெச்ச?"

"பாப்பாகிட்டேர்ந்து நகத்தணும்னு மட்டும்தான் தோணிச்சு அத்தான். நீங்கதான் மீனே தொடமாட்டேன்னீங்களே."

மண்டபத்தில் கிண்ணங்கள் நகர்கிற சத்தம் கேட்டது. எல்லா மேஜையிலும் கிண்ணம். சிலதுகள் பாதி, சிலதுகள் காலி. ஒரு சின்னப் பெண் வாயில் இருந்ததை அம்மாவின் உள்ளங்கையில் துப்பியது. முதலாளி, "பொய்ங்க, பொய், குடிச்சிருக்கான்" என்று ஒவ்வொரு மேஜையாக ஓடினார்.

என் மனைவி பஞ்சிலிருந்து கண்ணை எடுத்துத் தம்பியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சத்தமே போடவில்லை.

"என் பொண்ணுக்கு மட்டும் விடியக்காலையில போய் நல்ல மீன் வாங்கியாந்த. இங்க உக்காந்திருக்கறதெல்லாம் யாரு பெத்த புள்ளைங்கடா?"

அவன் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, தட்டின்மேல் போட்டு மீனை மூடினான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வெளியே நடந்தான்.

வாசல் வரைக்கும் நான் தாக்குப்பிடித்தேன். தொட்டியில் தூங்குகிற மீனைப் பார்த்தேனோ இல்லையோ, அவ்வளவுதான். தெருவோரச் சாக்கடைப் பக்கம் குத்தவைத்தேன். குடல் வெளியே வந்துவிடும்போல் இருந்தது. மகள், "அப்பா, அப்பா" என்கிறாள். மாப்பிள்ளை தண்ணீர் வாங்குகிறேன் என்று போனவர், தூரத்திலேயே நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் நெற்றியை ஏந்திப் பிடித்தது. இன்னொரு கை முதுகை நீவியது. பார்க்காமலே தெரிந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியாதா? பஞ்சை இழுத்த ஈரம்கூட இன்னும் காயவில்லை. எனக்கு மறுபடி புரட்டிக்கொண்டு வந்தது. அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். எடுத்ததும் என் தலை சாக்கடைப் பக்கம் சாய்ந்தது.

"புடிடா" என்றேன்.

"நாறும் அத்தான்."

"நாறினா நாறட்டும், புடி."

பிடித்தான். நான் மிச்சத்தையும் வாந்தியெடுத்துத் தீர்த்தேன். என் மனைவி எங்களைத் தாண்டி நின்று மகளின் கையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.